அரமும் மரமும்



நம் இளைஞர் முகாம்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "உனக்குப் பிடித்த மனிதர் யார்? ஏன்?" விவேகானந்தர், அப்துல் கலாம், அம்மா, அப்பா என்று பதில்கள் வரும். எல்லாம் நல்ல பதில்கள்தான். ஆனால் முகாம் முடிந்து இரவு படுக்கையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் நாம் யாரைப் பார்க்கிறோம்? என் வகுப்பில் பாதிப் பேரைக் கேட்டால் உண்மையான பதில் ஒரு கற்பனை மனிதராகத்தான் இருக்கும். டாக்டர் ஷெல்டன் கூப்பர்.

'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் நாயகர். 2007 செப்டம்பரில் தொடங்கி 2019 மே மாதம் வரை 12 பருவங்கள், 279 அத்தியாயங்கள் ஓடிய தொடர் அது. ஷெல்டனாக நடித்த ஜிம் பார்சன்ஸ் அந்த ஒரு வேடத்திற்கே நான்கு முறை எம்மி விருது வாங்கினார். தொடர் முடிந்து பல வருடம் ஆகியும் நம் பசங்க இன்னும் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நானும்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஷெல்டன் கலிபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தில் வேலை செய்யும் கோட்பாட்டு இயற்பியலாளர். சிறு வயதிலேயே பல்கலைக்கழகம் போன மேதை. சோபாவில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. பக்கத்து வீட்டுக் கதவை மூன்று முறை தட்டி, பெயர் சொல்லி, மறுபடி தட்டி, மறுபடி பெயர் சொல்லி, மூன்றாவது சுற்றும் முடிந்தால்தான் அவருக்கு நிம்மதி. கார் ஓட்டமாட்டார், அறை நண்பர் லெனர்ட்தான் தினமும் ஏற்றிப் போக வேண்டும். காய்ச்சல் வந்தால் யாராவது தாலாட்டு பாட வேண்டும். (இவரை 'அவன்' என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் டாக்டர் பட்டத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு, அதனால் 'அவர்' என்றே எழுதுகிறேன்.)

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புவது இரண்டு கேள்விகள். ஒருவர் பெரிய அறிவாளி என்பதற்காக அவருடைய நடத்தையை நாம் மன்னித்துவிடலாமா? திரையில் இவ்வளவு நேசிக்கும் ஒருவரை நேரில் சந்தித்தால் நேசிப்போமா?

ஏன் பிடிக்கிறது?

முதல் காரணம், அவர் தன் படிப்பை வெட்கமில்லாமல் நேசிக்கிறார். நம் சூழலில் இது சாதாரண விஷயம் இல்லை. இடைநிலைப்பள்ளியில் ஓய்வு நேரத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "ஸ்கீமா லா இவன்!" என்று ஒரு குரல் வரும், அதோடு கதை முடிந்தது. கேள்வி கேட்கும் பையன், நூலகத்தில் உட்காரும் பெண், இவர்கள் எல்லாம் கொஞ்சம் ஒளிந்துகொண்டுதான் படிக்க வேண்டியிருக்கிறது. அப்படி வளர்ந்தவர்களுக்கு, ரயிலைப் பற்றியும் சரக் கோட்பாட்டைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசும் ஒரு மனிதர் திரையில் நாயகராக நிற்பதே பெரிய ஆறுதல்.

இரண்டாவது காரணம், அவர் நடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பார். நாம் எல்லோரும் மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருக்கிறோம். அவர் அந்த முகமூடியைப் போடத் தெரியாதவர். அது நமக்குக் குழந்தையின் நேர்மை மாதிரி தெரிகிறது.

இரண்டாம் பருவத்தில் வரும் ஒரு கிறிஸ்துமஸ் அத்தியாயம் இதற்கு நல்ல உதாரணம். பக்கத்து வீட்டுப் பென்னி தனக்குப் பரிசு தரப்போகிறாள் என்று ஷெல்டனுக்குத் தெரிகிறது. உடனே கவலை. அவள் தரும் பரிசின் மதிப்புக்குச் சமமாகத் திருப்பித் தர வேண்டுமே! பல அளவுகளில் பரிசுக் கூடைகள் வாங்கி அடுக்கிவிடுகிறார், விலையைப் பார்த்துச் சரியான கூடையைக் கொடுத்துவிடலாம் என்று. சிரிக்கிறோம். ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மொய் நோட்டை யோசித்துப் பாருங்கள்! "அவர்கள் நம் கல்யாணத்துக்கு எவ்வளவு எழுதினார்கள்?" என்று புரட்டிப் பார்ப்பதும் அதே கணக்குதானே. அவர் சத்தமாகச் செய்கிறார், நாம் சத்தமில்லாமல் செய்கிறோம். பென்னி கொடுத்ததோ, நடிகர் லெனர்ட் நிமோய் வாய் துடைத்துக் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத் துணி. ஷெல்டனின் கணக்கு உடைந்துபோகிறது. எல்லாக் கூடைகளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதுவும் போதாது என்று, தொடுவதையே வெறுக்கும் அந்த மனிதர் அவளைக் கட்டிப்பிடிக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்தவர் யாரும் அவரை வெறுக்க முடியாது.

எஞ்சினியருக்கு விழும் அடி

இனி மறுபக்கம். ஷெல்டனின் நண்பர்களில் ஹோவர்டு வோலோவிட்ஸ் ஓர் எஞ்சினியர். எம்.ஐ.டி.யில் முதுகலை படித்தவர். விண்வெளி நிலையத்துக்கே போய் வருகிறார். ஆனால் டாக்டர் பட்டம் இல்லை. அந்த ஒரு குறைக்காக ஷெல்டன் அவரைப் பல வருடம் குத்துகிறார். மற்ற மூவரையும் டாக்டர் என்று அறிமுகம் செய்துவிட்டு, இவரை மட்டும் வெறும் 'மிஸ்டர்' என்பார். சிந்திப்பது விஞ்ஞானியின் வேலை, அதைக் கையால் செய்து தருவது எஞ்சினியரின் வேலை என்பது அவருடைய எண்ணம்.

நான் எஞ்சினியரிங் மாணவன். இதைப் படிக்கும் பலரும் படித்து முடித்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகப்போகிறவர்கள். ஷெல்டன் அடிப்பது நம்மைத்தான். அப்படியும் சிரிக்கிறோம். ஏன்? சிரிப்பொலி கேட்கும்போது நாமும் சிரித்துவிடுகிறோம் என்பது ஒரு பதில். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறிவு ஜாஸ்தியாக இருப்பவருக்கு மற்றவர்களை மட்டம் தட்டும் உரிமை கொஞ்சம் உண்டு என்று நாம் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் முதல் மாணவன் திமிராகப் பேசினால், "அவன் ஸ்ட்ரெய்ட் ஏ எடுப்பவன், அப்படித்தான் இருப்பான்" என்கிறோம். கடைசி வரிசை மாணவன் அதே வார்த்தையைச் சொன்னால் "ஒழுக்கம் இல்லை" என்கிறோம். ஒரே குற்றத்துக்கு இரண்டு தீர்ப்பு.

திருக்குறளில் 100-ஆவது அதிகாரம் பண்புடைமை. அதில் வள்ளுவர் அறிவின் கூர்மையை அரத்தின் கூர்மைக்கு ஒப்பிட்டு, அவ்வளவு கூர்மை இருந்தும் மக்கட்பண்பு இல்லை என்றால் அவர்கள் மரம் போன்றவர்கள் என்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது வெறும் எதுகை விளையாட்டாகத்தான் தெரிந்தது. பட்டறை வகுப்பில் கையில் அரத்தைப் பிடித்த பிறகு வேறு மாதிரி புரிகிறது.

எஞ்சினியரிங் முதல் வருடத்தில் ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அரம் வாளைப் போல ஒரே வீச்சில் வெட்டுவதில்லை. நூற்றுக்கணக்கான சின்னப் பற்கள், ஒவ்வொன்றும் துளித் துளியாகச் சுரண்டும். ஷெல்டன் ஹோவர்டிடம் பேசுவதும் அதே மாதிரிதான். ஒரு வார்த்தையில் யாரும் செத்துவிடமாட்டார்கள். தினம் ஒரு சுரண்டல். வள்ளுவர் கத்தி, வாள், வேல் எல்லாம் தெரிந்தவர். அவற்றை விட்டு அரத்தைச் சொன்னது பொருத்தம் என்றே எனக்குப் படுகிறது.

சரி, மரம் ஏன்? மரம் நிழல் தருகிறது, பழம் தருகிறது, அதைப் போய் ஏன் திட்ட வேண்டும்? தொல்காப்பியம் உயிர்களை அறிவின்படி வகுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்கிறது, மனத்தோடு கூடிய மனிதனை ஆறறிவு உயிர் என்கிறது. பக்கத்தில் இருப்பவனின் வலி தெரியாமல் நிற்பவன், எத்தனை பட்டம் வாங்கினாலும், ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டான். இது மரத்தைக் குறை சொல்வது இல்லை. மனிதன் எங்கே நிற்க வேண்டியவன் என்று நினைவுபடுத்துவது.

பித்தனும் வேடனும்

அப்படியானால் விசித்திரமான மனிதர்களே நமக்கு ஆகாதா? இந்துவாக இருந்துகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. நம் சமயத்தைப் போல விசித்திரமானவர்களுக்கு இடம் கொடுத்த சமயம் எது? திருமண மண்டபத்தில் ஓலையோடு வந்து நின்ற கிழவரைச் சுந்தரர் 'பித்தன்' என்று ஏசினார். பிறகு வந்தவர் யாரென்று தெரிந்தபோது, அந்த ஏச்சையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொன்னார் சிவபெருமான். இறைவனே பித்தன் என்ற பெயரை விரும்பி ஏற்ற மரபு நம்முடையது. காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுரு கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்து போனவர். ஊர் வழக்கத்துக்குள் அடங்காதவர்களைத்தான் நாம் கோயிலில் வரிசையாக நிறுத்தி வணங்குகிறோம்.

கண்ணப்பர் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். காளத்தியில் திண்ணன் என்ற வேடன் சிவலிங்கத்துக்கு இறைச்சி படைக்கிறான். வாயில் கொண்டுவந்த நீரால் அபிஷேகம் செய்கிறான். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியாருக்குத் தினமும் அதிர்ச்சி, தினமும் சுத்தம் செய்யும் வேலை. வெளியே இருந்து பார்த்தால் இவனும் நம் ஷெல்டனும் ஒன்றுதான், ஊர் விதி எதுவும் தெரியாதவர்கள். ஆனால் இறைவன் சிவகோசரியாரை மறைந்திருந்து பார்க்கச் சொல்கிறார். லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வழிகிறது. திண்ணன் தன் கண்ணைப் பிடுங்கி அப்புகிறான். இரண்டாவது கண்ணையும் கொடுக்கத் தயாராகிறான்.

எனக்கு இந்தக் கதையிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒருவருடைய விசித்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? கண்ணப்பர் கொடுத்தது தன் கண்ணை. அம்மையார் இழந்தது தன் அழகை. ஷெல்டனின் விசித்திரத்துக்குத் தினமும் விலை கொடுப்பவர் கார் ஓட்டும் லெனர்ட், திட்டு வாங்கும் ஹோவர்டு, தாலாட்டு பாடும் பென்னி. தன்னை வருத்திக்கொள்ளும் பித்து ஒன்று, பிறரை வருத்தும் பித்து ஒன்று. இரண்டையும் 'மேதைகளே இப்படித்தான்' என்று ஒரே பெட்டியில் போடக் கூடாது.

அதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது, அது சிவகோசரியாருக்கு. அவர் தவறானவர் இல்லை. ஆனாலும் மறைந்து நின்று, பொறுமையாக, முழுதும் பார்க்கும் வரை அவருக்கு உண்மை தெரியவில்லை. விசித்திரமானவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்.

மேதை என்றால் திமிர் வேண்டுமா?

"அந்த அளவு அறிவு இருந்தால் மற்றவர்களைக் கவனிக்க மூளையில் இடம் இருக்காது" என்று சிலர் வாதாடுவார்கள். நம்ம ஆள் ஒருவரே இதற்குப் பதில். 1887-இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன்.

விசித்திரத்தில் அவர் ஷெல்டனுக்குக் குறைந்தவர் இல்லை. கணக்கைத் தவிர வேறு பாடம் படிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தர். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் காட்டுகிறாள் என்று சொன்னவர். கேம்பிரிட்ஜ் குளிரில் தனியாகச் சமைத்துச் சைவம் சாப்பிட்டவர். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனவர். ஆனால் அவரோடு பழகியவர்கள் விட்டுச்சென்ற நினைவுகளில் திமிர் இல்லை. கூச்சமும் மென்மையும் நகைச்சுவையும்தான் இருக்கிறது.

ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேம்பிரிட்ஜ் போன புதிதில் இராமானுஜனுக்கு இரவில் குளிர் தாங்கவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) அறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் எல்லாம் மெத்தையோடு சேர்த்துச் செருகி அழகாக விரிக்கப்பட்டிருந்தன. இராமானுஜனுக்கு அந்தக் கம்பளிகளை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்று தெரியவில்லை! அதன் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

எண்களின் இரகசியம் தெரிந்தவருக்குக் கம்பளிக்குள் நுழையத் தெரியவில்லை. தொலைக்காட்சியாக இருந்தால் இங்கே ஒரு சிரிப்பொலி போட்டிருப்பார்கள். ஆனால் அங்கே இருந்த நண்பர் உதவி செய்தார். துறைமுகத்தில் அவரைத் தாங்கிய நாராயண ஐயர், இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டி, கம்பளி காட்டிய மகலனோபிஸ் என்று ஒரு மேதைக்குப் பின்னால் எத்தனை கைகள்!

தெரியாமையும் இளக்காரமும்

இன்னொரு நியாயமான கேள்வியையும் தாண்டிப் போகக் கூடாது. ஷெல்டனால் வேறு மாதிரி இருக்க முடியாதோ? தொடர் அவருக்கு எந்த மருத்துவப் பெயரும் சூட்டவில்லை. சிறு வயதில் அம்மா பரிசோதித்துப் பார்த்துவிட்டார் என்று அவரே அடிக்கடி சொல்வார். ஆனால் மற்றவர் முகத்தைப் படிக்க முடியாதவர்கள், சத்தமும் கூட்டமும் தாங்காதவர்கள், ஒரே ஒழுங்கு மாறினால் தவித்துப்போகிறவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களைப் 'பண்பில்லாதவர்' என்று வள்ளுவர் தலையில் கட்டிவிட முடியுமா? முடியாது, கூடவும் கூடாது.

இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது தெரியாமையையும் இளக்காரத்தையும். மூன்று முறை கதவைத் தட்டுவது குற்றம் இல்லை. ஒரே இடத்தில் உட்கார விரும்புவது குற்றம் இல்லை. கிண்டல் புரியாமல் விழிப்பது குற்றமே இல்லை. 'நீ என்னைவிடத் தாழ்ந்தவன்' என்று நினைப்பது வேறு விஷயம். அதற்கு எந்த மருத்துவப் பெயரும் காரணம் ஆகாது. சொல்லப்போனால், முகம் படிக்கத் தெரியாத பலர் மற்றவர்களை இளக்காரமாக நினைப்பதே இல்லை. முகத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த நம்மில்தான், எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்துக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து நாற்காலி

இப்போது இரண்டாவது கேள்வி. ஷெல்டனை நேசிப்பது சுலபம், ஏனென்றால் அவரை நாம் வேலைக்கு ஏற்றிப் போக வேண்டியதில்லை. இருபது நிமிடம் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடலாம். திரை நமக்கு அன்பைத் தருகிறது, பாரத்தைத் தருவதில்லை.

ஆனால் உங்கள் விரிவுரை அரங்கில் ஒருவர் இருப்பார். குழு வேலை பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவர். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது யாரும் "வா லா" என்று கூப்பிடாதவர். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தலிலும் ஒருவர் இருப்பார். கோப்பைகளை நூல் பிடித்தது மாதிரி அடுக்குவார், யாராவது கலைத்தால் முகம் சுருங்கிவிடும். எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும்போது அவர் மட்டும் மோர் வாளிப் பக்கத்தில் நிற்பார். தேவார வகுப்பில் "இந்த வரிக்கு ஏன் இந்த ராகம்?" என்று பத்து முறை கேட்டு நேரத்தை இழுக்கும் தம்பியும் இருப்பான்.

ஷெல்டனின் படம் போட்ட டீ சட்டையை அணிந்துகொண்டு இவர்களைத் தாண்டிப் போகிறோம் என்றால், நம் நேசம் யார் மேல்? ஷெல்டன் மேலா, ஷெல்டன் தரும் சிரிப்பின் மேலா?

இதற்கு நான் பெரிய தியாகம் எதையும் கேட்கவில்லை. குழு பிரிக்கும்போது முதல் பெயராக அவர் பெயரைச் சொல்லலாம். சாப்பிடப் போகும்போது கூப்பிடலாம், வரவில்லை என்றால் மறுநாளும் கூப்பிடலாம். அவர் தவறாகப் பேசினால் முதுகுக்குப் பின்னால் சிரிக்காமல், தனியாக அழைத்து, "நீ சொன்னது அவனுக்கு வலித்தது" என்று நேராகச் சொல்லலாம். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். திருத்தாமல் சகித்துக்கொள்வது நட்பு ஆகாது. தொடரிலும் ஷெல்டன் மாறியது அவருடைய மூளையால் இல்லை. பென்னியும் லெனர்டும் பெர்னடெட்டும் பல வருடம் கூடவே இருந்து, "இது சரியில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னதால்தான் மாறினார். பட்டறையில் அரத்தின் பற்களில் இரும்புத் தூள் அடைத்துக்கொண்டால் அரத்தைத் தூக்கி எறியமாட்டோம். கம்பிப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்வோம். நல்ல நண்பன் அந்தப் பிரஷ் மாதிரி. கொஞ்சம் உறுத்தும், ஆனால் அரம் வீணாகாது.

2019 மே 16 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில் ஷெல்டனும் மனைவி ஏமியும் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் கனவு கண்ட மேடை. பல பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்த ஏற்புரையை அவர் படிக்கவில்லை. ஒதுக்கிவைத்துவிட்டு, சாதனை தன் ஒருவனுடையது இல்லை என்கிறார். குடும்பத்துக்கு நன்றி சொல்லி, நண்பர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுந்து நிற்க வைக்கிறார். எழுந்து நிற்பவர்களில் டாக்டர் பட்டம் இல்லாத எஞ்சினியர் ஹோவர்டும் ஒருவர். உங்களுக்குத் தகுந்த நண்பனாக நான் இல்லாமல் இருந்திருந்தால் மன்னியுங்கள் என்ற பொருளில் பேசுகிறார்.

அந்தக் காட்சியில் ஷெல்டனின் அறிவு ஒரு துளியும் குறையவில்லை. அரம் அரமாகவே இருக்கிறது. மரத்துக்கு மட்டும் மனிதக் கண் திறந்திருக்கிறது. என் முதல் கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். அறிவுக்காக நடத்தையை மன்னிக்கத் தேவையில்லை. ஆனால் நடத்தைக்காக மனிதரைக் கைவிடவும் தேவையில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் குழு பிரிப்பார்கள். தைப்பூசத்துக்குப் பந்தல் வேலை பிரிப்பார்கள். அப்போது மிஞ்சி நிற்பவரைப் பாருங்கள். அவருக்கு நோபல் பரிசு கிடைக்குமா என்று கணக்குப் போடாதீர்கள், அது மொய் நோட்டுக் கணக்கு ஆகிவிடும். கூப்பிடுங்கள், பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். "இது என் இடம்" என்று அவர் உங்களையே எழுப்பினால், சிரித்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.